தக்கவைப்புப் பூட்டு

தக்கவைப்புப் பூட்டு என்பது, மேகக் கணிமைச் சேமிப்பகத்தில் பதிவேற்றப்பட்ட ஒரு கோப்பைக் குறிப்பிட்ட காலம் முடியும் வரை எவரும் அழிக்கவோ மாற்றியெழுதவோ இயலாதவாறு தடுக்கும் ஏற்பாடு ஆகும். இங்கு "எவரும்" என்னும் சொல்லில் கோப்பின் உரிமையாளரும் அடங்குவார். இப்பூட்டின் கடுமையான வகைக்குத் திறவுகோல் என்று ஒன்று கிடையாது. காலக்கெடு முடிந்தால் மட்டுமே அது திறக்கும். எனவே பதிவேற்றும்போது நேரும் பிழையும் கோப்புடன் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடுகிறது. இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது இதுவே.

இக்கட்டுரையில் விளக்கத்தின் பொருட்டு, வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் இயங்கும் ஒரு சிறிய சுங்க முகவர் அலுவலகம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. அலுவலகம் கற்பனையானது; அதற்குப் பொருந்தும் சட்டங்களும் கால அளவுகளும் உண்மையானவை. கொருக்குப்பேட்டை பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய பகுதி. சென்ட்ரலில் இருந்து பேசின் பாலம் வழியாகவும், கடற்கரை நிலையத்தில் இருந்து இராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாகவும் வரும் தொடர்வண்டித் தடங்கள் இங்கே இணைந்து எண்ணூர், கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்கின்றன. துறைமுகத்தை நம்பி வாழும் இத்தகைய பகுதிகளில் சரக்கு எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு காகிதமும் நகர்கிறது. 2023 திசம்பர் மாதம் மிக்சாங் புயலின்போது வடசென்னையின் தாழ்வான தெருக்களில் நாள்கணக்கில் நீர் தேங்கி நின்றது. தரைத்தளத்து அலமாரியில் ஐந்தாண்டுக் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் ஒருவருக்கு மேகச் சேமிப்பகம் ஏன் தேவைப்படுகிறது என்பதை விளக்க இதற்குமேல் ஒன்றும் கூற வேண்டியதில்லை.

தோற்றம்

"ஒருமுறை எழுது, பலமுறை படி" என்னும் கருத்து கணினிக்கு முற்பட்டது. 1908 ஆம் ஆண்டின் இந்தியப் பதிவுச் சட்டம், சார்பதிவாளர் அலுவலகப் பதிவேடுகளின் பக்கங்கள் வரிசையெண் அச்சிடப்பட்டு இருக்க வேண்டும் என்றும், மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கை முகப்புப் பக்கத்தில் சான்றளிக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. ஒரு தாளைக் கிழித்தாலோ செருகினாலோ உடனே தெரிந்துவிடும் என்பதே இதன் நோக்கம்.

1980களில் ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய ஒளியியல் வட்டுகள் இதே பணியைச் செய்தன. 1997 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம், தரகு நிறுவனங்கள் தம் ஆவணங்களை மின்னணு வடிவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வடிவம் அழிக்கவும் மாற்றியெழுதவும் முடியாததாக இருக்க வேண்டும் என்று விதி வகுத்தது. இவ்விதியே பின்னர் வந்த வணிகப் பொருட்கள் பலவற்றுக்கும் தூண்டுகோல். 2002 ஆம் ஆண்டில் ஈ.எம்.சி. நிறுவனம் சென்டெரா என்னும் சேமிப்புக் கருவியை வெளியிட்டது. மேகச் சேமிப்பகங்களுக்கு இவ்வசதி பரவலாக வந்த ஆண்டு 2018. அமேசானின் ஆப்செக்ட் லாக், கூகுளின் பக்கெட் லாக், மைக்ரோசாப்ட் அசூரின் மாறாச் சேமிப்பகம் ஆகிய மூன்றும் அவ்வாண்டைச் சேர்ந்தவை.

சட்டத்துக்காகத் தோன்றிய இப்பூட்டை இன்று பலரும் நாடுவதற்கு வேறொரு காரணம் உண்டு. பிணைப்பணத் தீநிரல்கள் ஒரு நிறுவனத்தின் கோப்புகளை மறையாக்கம் செய்து முடக்குவதுடன், காப்புப் படிகளையும் தேடி அழிக்கின்றன. 2017 சூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்னும் தீநிரல் மெர்சுக் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியது. மும்பையை அடுத்த சவகர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனக் குழுமம் நடத்திய முனையமும் நின்றுபோனது. அந்நிறுவனத்தின் பயனர் விவரங்களைக் காக்கும் வழங்கிகள் உலகெங்கும் ஒருசேர அழிந்துபோக, கானா நாட்டில் மின்தடையால் அணைந்திருந்த ஒரு வழங்கி மட்டும் தப்பியது. அதிலிருந்தே மீட்பு தொடங்கியது. 2022 நவம்பர் மாதத்தில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் வழங்கிகளும் இவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளாகி, புறநோயாளர் பதிவு பல நாட்கள் கையாலேயே நடைபெற்றது. தாக்குபவர் மேலாளரின் கடவுச்சொல்லையே கைப்பற்றிவிட்டாலும், பூட்டிய காப்புப்படியை அவரால் அழிக்க இயலாது. மேலாளராலும் இயலாது என்பதே அதற்குக் காரணம்.

வகைகள்

அமேசான் வகுத்த பிரிவுகளையே வாசாபி, பேக்பிளேசு, மினியோ முதலியவையும் பின்பற்றுவதால் அவற்றை இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

கவர்னன்ஸ் எனப்படும் நிருவாக முறையில், தனி அனுமதி பெற்ற பயனர் ஒருவர் வெளிப்படையாகக் கோரினால் பூட்டைக் கடந்து கோப்பை அழிக்கலாம். தவறுதலாக அழிப்பதைத் தடுக்க இது போதும். கம்ப்ளையன்ஸ் எனப்படும் இணக்க முறையில் அத்தகைய விதிவிலக்கு இல்லை. கணக்கின் முதன்மைப் பயனரும் அழிக்க முடியாது. காலத்தை நீட்டிக்கலாம், குறைக்க முடியாது. மூன்றாவதாக, சட்டப் பிடிப்பு என்று ஒன்று உண்டு. அதற்குக் காலக்கெடு இல்லை. வழக்கோ விசாரணையோ நடக்கும்போது கோப்பின் மீது இதை வைத்து, முடிந்தபின் அனுமதி உள்ளவர் நீக்குவார். தக்கவைப்புக் காலம் முடிந்துவிட்டாலும் பிடிப்பு இருக்கும் வரை கோப்பு அழியாது.

கூகுளின் பக்கெட் லாக் தனிக் கோப்பின் மீதன்றிப் பக்கெட் எனப்படும் கோப்புக் கொள்கலம் முழுவதன் மீதும் பூட்டு இடுகிறது. அசூரில் பூட்டாத கொள்கை ஒன்றை முதலில் வைத்துச் சோதித்துப் பார்த்தபின் பூட்டலாம். 

பதிவேற்றம்

பூட்டில்லாத பக்கெட்டிற்கு நாள்தோறும் சிக்கலின்றிக் கோப்பு அனுப்பிய மென்பொருள், பூட்டை இயக்கிய மறுநாளே பிழை காட்டி நிற்பது பலரும் காணும் அனுபவம். பெரும்பாலும் காரணம் சரிபார்ப்புத் தொகை ஆகும்.

சரிபார்ப்புத் தொகை என்பது கோப்பின் ஒவ்வொரு பிட்டையும் கொண்டு கணக்கிடப்படும் ஒரு சிறு எண். கோப்பில் ஒரு பிட்டு மாறினாலும் எண் மாறிவிடும். பூட்டுடன் ஒரு கோப்பை ஏற்றும்போது, அனுப்புபவர் இத்தொகையைத் தாமே கணக்கிட்டுக் கோரிக்கையின் தலைப்பில் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று அமேசான் சேமிப்பகம் வற்புறுத்துகிறது. கன்டென்ட்-எம்டி5 என்னும் தலைப்போ, அதற்கு இணையான வேறு சரிபார்ப்புத் தலைப்போ இல்லையெனில் கோரிக்கை ஏற்கப்படாது. கோப்பு வழியில் சிதைந்து வந்து, சிதைந்த வடிவிலேயே ஐந்தாண்டுகளுக்குப் பூட்டப்பட்டால் அதனால் யாருக்கும் பயனில்லை என்பதால் இந்த வற்புறுத்தல் சரியானதே. பழைய நிரல் நூலகங்களும், அமேசான் முறையைப் போலச்செய்யும் சில காப்புப்படி மென்பொருட்களும் இத்தலைப்பை அனுப்பாமையால் பிழை தோன்றுகிறது. மென்பொருளை இற்றைப்படுத்துவதே பெரும்பாலும் தீர்வு.

தாமே நிரல் எழுதுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்டி5 தொகை 16 பைட்டு நீளம் உடையது. திரையில் அதைப் பதினறும எண்ணாக 32 எழுத்துகளில் காண்கிறோம். ஆனால் கன்டென்ட்-எம்டி5 தலைப்பில் அந்த 16 பைட்டுகளையும் பேசு64 முறையில் 24 எழுத்துகளாக மாற்றித் தர வேண்டும். 32 எழுத்து வடிவத்தை அப்படியே அனுப்புவது மிகவும் பரவலான பிழை. தொகையின் வடிவம் தவறானால் "இன்வாலிட் டைஜஸ்ட்" என்றும், வடிவம் சரியாக இருந்து கோப்புடன் பொருந்தாவிட்டால் "பேட் டைஜஸ்ட்" என்றும் மறுமொழி வரும். முதலாவது நிரலின் குற்றம். இரண்டாவது பெரும்பாலும் இணைப்பின் குற்றம். மீண்டும் அனுப்பிப் பார்க்கலாம்.

பெரிய கோப்புகள் பகுதி பகுதியாக ஏற்றப்படுகின்றன. கடைசிப் பகுதி நீங்கலாக ஒவ்வொன்றும் குறைந்தது 5 மெகாபைட்டு இருக்க வேண்டும். மொத்தம் 10,000 பகுதிகளுக்கு மேற்படக் கூடாது. பகுதிகள் அனைத்தும் வந்து, அவற்றை ஒன்றிணைக்கும் இறுதிக் கோரிக்கை நிறைவேறிய பின்னரே கோப்பு என்று ஒன்று உண்டாகிறது. பாதியில் நின்ற பகுதிகளைப் பூட்டு காப்பதில்லை. சரக்குந்துகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் இருக்கும் அலுவலகத்தில் இணைய இணைப்பு விட்டுவிட்டு வருமானால், "நேற்றே ஏற்றிவிட்டோம்" என்று ஊழியர் நம்பும் கோப்பு சேமிப்பகத்தில் இல்லாமலே போகலாம். மேலும், பகுதிகளாக ஏற்றிய கோப்புக்கு அமேசான் காட்டும் ஈடேக் எண் முழுக்கோப்பின் எம்டி5 அன்று. இரண்டையும் ஒப்பிட்டு "கோப்பு மாறிவிட்டது" என்று அஞ்ச வேண்டியதில்லை. முழுக்கோப்பின் தொகையை ஏற்றுவதற்கு முன்பே கணக்கிட்டுத் தனியே குறித்து வைப்பது நலம். 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் அளிக்கும்போது தரவேண்டிய சான்றிதழில், ஆவணத்தின் இத்தகைய தொகையையும், அது எசுஎச்ஏ1, எசுஎச்ஏ256, எம்டி5 ஆகியவற்றுள் எம்முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிக்க இடம் தரப்பட்டுள்ளது. எம்டி5 முறையில் ஒரே தொகை தரும் இருவேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2004 ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதால், சான்றுக்கு எசுஎச்ஏ256 தகுந்தது.

பூட்டிய பக்கெட்டில் ஒரே பெயரில் மீண்டும் கோப்பை ஏற்றினால் என்ன நேரும் என்பது அடுத்த ஐயம். அமேசான் முறையில் பூட்டு இயங்கும் பக்கெட்டில் பதிப்புப் பேணலும் கட்டாயம் இயங்கும். ஆகவே புதிய கோப்பு புதிய பதிப்பாக மேலே அமர்கிறது. பழையது அடியில் அப்படியே இருக்கிறது. பதிப்பெண்ணைக் குறிக்காமல் அழித்தால் "அழிக்கப்பட்டது" என்னும் குறி மட்டும் வைக்கப்படுகிறது. பட்டியலில் பெயர் மறைந்தாலும் தரவு மறைவதில்லை. கட்டணமும் மறைவதில்லை. ஒரு கண்காணிப்புக் காணொளியை மும்முறை தவறாக ஏற்றினால் மூன்றுக்கும் காலம் முழுவதும் வாடகை உண்டு. பதிப்புப் பேணல் இயக்காத கூகுள் பக்கெட்டிலோ இரண்டாம் ஏற்றமே மறுக்கப்படும். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதிப் பிறகு பெயர் மாற்றும் பழக்கமுள்ள மென்பொருட்கள் இங்கு இடறும். மேகச் சேமிப்பகத்தில் பெயர்மாற்றம் என்பது படியெடுத்துப் பழையதை அழிப்பதே ஆகும்.

அமேசான் முறையில் பக்கெட்டிற்குப் பொதுவான தக்கவைப்புக் காலத்தை அமைத்தால், அது அமைத்த பின்னர் வரும் கோப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். முன்பே இருந்தவை பூட்டப்படுவதில்லை. "பக்கெட்டைப் பூட்டிவிட்டோம்" என்று எண்ணி இருப்போர் இதைச் சரிபார்த்துக்கொள்வது நன்று.

காலத்தைக் கணக்கிடுதல்

கொருக்குப்பேட்டை அலுவலகத்துக்கு வருவோம். இறக்குமதிச் சரக்கு ஒன்றுக்குப் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் முதலியவை வேண்டும். இவற்றைக் காகிதமாகச் சுங்க இல்லத்துக்கு எடுத்துச் செல்வதற்கு மாற்றாக இணையவழி ஏற்றும் ஈ-சஞ்சித் முறையை நடுவண் சுங்கத் துறை 2017 ஆம் ஆண்டில் சோதனை முறையில் தொடங்கியது. அதற்குத் தெரிவு செய்யப்பட்ட இடங்களுள் சென்னைச் சுங்க இல்லமும் ஒன்று. முகவர் மின்னணுக் கையொப்பமிட்ட பி.டி.எஃப். கோப்பை ஏற்றியதும் ஒரு தனிக் குறிப்பெண் கிடைக்கும். அவ்வெண்ணே பில் ஆஃப் என்ட்ரியுடன் இணைக்கப்படும். அது அரசின் சேமிப்பு. முகவர் தம்மிடம் வைக்க வேண்டிய பதிவுகள் வேறு. 2018 ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறை விதிகள் அவற்றைக் குறைந்தது ஐந்தாண்டுகள் காக்கச் சொல்கின்றன.

ஐந்தாண்டு என்றதும் 365 ஐ ஐந்தால் பெருக்கி 1825 நாட்கள் என்று அமைப்பது வழக்கம். இது தவறு. எந்த ஐந்தாண்டிலும் ஒன்றோ இரண்டோ நெட்டாண்டு நாட்கள் விழக்கூடும் என்பதால் பூட்டு ஓரிரு நாள் முன்னரே திறந்துவிடும். சரக்கு சேவை வரிக் கணக்குகளில் இடைவெளி இன்னும் பெரிது. அச்சட்டத்தின் 36 ஆம் பிரிவின்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடுநாளில் இருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும். 2023-24 நிதியாண்டுக்குக் கெடுநாள் 2024 திசம்பர் 31. எனவே 2023 ஏப்பிரலில் எழுதிய பற்றுச்சீட்டு 2030 திசம்பர் 31 வரை இருக்க வேண்டும். 72 மாதங்கள் தானே என்று ஏற்றிய நாளில் இருந்து ஆறாண்டுகளுக்குப் பூட்டியவருக்கு ஏறத்தாழ இருபது மாதங்கள் குறையும். நிறுவனங்கள் சட்டம் 2013 கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டுகள் கேட்கிறது. ஒரே பக்கெட்டில் ஒரே காலத்தை வைக்காமல், ஆவண வகைதோறும் முடிவு நாளைத் தனியே குறித்து ஏற்றுவதே சரியான வழி.

மறுபுறம், மிகையான காலமும் ஆபத்தானது. அமேசான் 100 ஆண்டுகள் வரையிலும், அசூர் 1,46,000 நாட்கள், அதாவது 400 ஆண்டுகள் வரையிலும் ஏற்கின்றன. 365 என்று தட்ட வேண்டிய இடத்தில் ஒரு சுழியம் மிகுந்தால் 3650. இணக்க முறையில் இதைத் திருத்த வழியில்லை. புதிதாகத் தொடங்குவோர் ஒரு நாள் பூட்டுடன் சோதித்து, சில மாதங்கள் நிருவாக முறையில் நடத்திப் பார்த்து, சட்டம் வெளிப்படையாகக் கேட்கும் ஆவணங்களுக்கு மட்டும் இணக்க முறைக்குச் செல்வது அறிவுடைமை.

பூட்டப்படாமையால் அழிந்தவை

காலத்தையும் முறையையும் யார் தீர்மானிக்கிறார் என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் அன்று. 2020 சூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட தந்தையும் மகனுமான செயராசு, பென்னிக்சு ஆகிய வணிகர் இருவர் பின்னர் உயிரிழந்தனர். விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர், நிலையத்தின் கண்காணிப்புப் படக்கருவியின் வட்டில் ஒரு டெராபைட்டு அளவுக்கு இடம் இருந்தும், நாள்தோறும் பதிவுகள் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும், அந்நாளின் காட்சிகள் இல்லாததையும் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கையளித்தார். யாரும் எதையும் உடைக்கவில்லை. ஓர் அமைப்புத் தெரிவே போதுமானதாக இருந்தது. அவ்வாண்டு திசம்பர் 2 ஆம் நாள் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் படக்கருவிப் பதிவுகளை 18 மாதங்கள் வைக்க வேண்டும், அத்தகைய கருவி கிடைக்காத நிலையிலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று ஆணையிட்டது. எனினும் நிலையத்தின் உள்ளேயே இருக்கும் வட்டை, அங்கே பணிபுரிபவரிடம் இருந்து ஆணை மட்டும் காத்துவிடாது. அப்பதிவுகளை அவரது கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

கப்பல்களிலும் இதே சிக்கல் உண்டு. பெரிய கப்பல்களில் உள்ள பயணத் தரவுப் பதிவி, விமானத்தின் கறுப்புப் பெட்டியைப் போன்றது. 2014 சூலைக்குப் பின் பொருத்தப்பட்டவற்றின் காப்புறைகளில் 48 மணிநேரத் தரவு இருக்கும். அதற்கு முந்தையவற்றில் 12 மணிநேரம். அதன்பின் பழையதன் மேல் புதியது எழுதப்படும். மோதல் நிகழ்ந்தால் மாலுமிகள் சேமிப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். இது சட்டப் பிடிப்புக்கு ஒப்பானது. 2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்து, எண்ணூர் முதல் தெற்கே நெடுந்தொலைவு வரை கரையொதுங்கியது. மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளில் அதை அள்ளினர். இத்தகைய விபத்துகளில் யார் பொறுப்பு, யார் இழப்பீடு தருவது என்பவற்றைத் தீர்மானிப்பதில் அழியாது எஞ்சிய பதிவுகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

மணலி, எண்ணூர் ஆலைகளின் புகைபோக்கிகளிலும் கழிவுநீர் வாய்களிலும் உள்ள தொடர் கண்காணிப்புக் கருவிகளையும் இங்குக் குறிப்பிடலாம். 17 வகை மிகு மாசு ஆலைகள் இவற்றை நிறுவ வேண்டும் என நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்பிரவரியில் பணித்தது. அளவீடுகள் உடனுக்குடன் வாரிய வழங்கிகளுக்குச் செல்வதன் பயன், ஆலையின் கையை விட்டு அவை விலகிவிடுவதே. ஆயினும் கருவியே தவறாக அளந்தால், பூட்டு அந்தத் தவறான எண்ணையே உண்மையாகக் காத்து நிற்கும்.

எல்லைகள்

தனிநபர் தரவு பூட்டுடன் மோதும் இடம் ஒன்று உண்டு. 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்த தரவை அழிக்கச் சொல்கிறது. வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் விலக்கு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஓட்டுநர் ஒருவரின் ஆதார் படியைத் தவறுதலாகப் பற்றுச்சீட்டுகளுடன் சேர்த்து எட்டாண்டுக்குப் பூட்டியவர், அவர் கேட்டாலும் அதை நீக்கித் தர இயலாது. ஏற்றுவதற்கு முன் ஆவணங்களைப் பிரித்து வைப்பது மட்டுமே இதற்கு வழி.

பூட்டு கோப்பைக் காக்கும். அதைப் படிக்கும் வழியைக் காக்காது. கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருந்து, அதன் மறைத்திறவி அழிக்கப்பட்டால், படிக்க முடியாத பைட்டுகள் காலக்கெடு வரை பத்திரமாக இருக்கும். எனவே திறவியை அழிக்கும் அனுமதியும் மேலாளர் கடவுச்சொல்லோடு சேர்ந்து திருடுபோகாதவாறு பிரித்து வைக்கப்பட வேண்டும். இணக்க முறையில் பூட்டிய கோப்பும் அழியும் ஒரே வழி, அமேசான் கணக்கையே மூடுவது. கூகுள், பூட்டிய பக்கெட் உள்ள திட்டத்தை நீக்க முடியாதபடி ஒரு தடையை வைத்துவிடுகிறது. கட்டணம் செலுத்தாமல் விடப்படும் கணக்குகளை நிறுவனங்கள் இறுதியில் மூடிவிடுகின்றன என்பதால், கொருக்குப்பேட்டை அலுவலகம் தொழிலை நிறுத்த நேர்ந்தாலும், கடைசிப் பூட்டு திறக்கும் நாள் வரை மாதக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பதை முன்னரே எழுதி வைத்திருக்க வேண்டும்.